மோப்பம் பிடிப்பது பூச்சுத்தான்: சாயம் ஏற்றிய ஒளிநார் உணரிகள்

ஒளிநார் உணரி என்றதும் எல்லோருடைய கவனமும் நாரின்மேல்தான் போகிறது. நாருக்கு அங்கே இருப்பது ஒரே வேலை: ஒளியைக் கொண்டுபோய்க் கொண்டுவருவது. நீரில் என்ன இருக்கிறது என்று கண்டுபிடிப்பது அதன் முனையிலோ பக்கவாட்டிலோ இருக்கும், சாயம் கலந்த மெல்லிய பல்பகுதிய (பொலிமர்) படலம். உணரி வேகமாக வேலை செய்யுமா, இரண்டு நாளில் செத்துப்போகுமா, நீரின் உப்பு மாறினால் பொய் சொல்லுமா என்பதெல்லாம் அந்தச் சில மைக்ரோமீற்றருக்குள் தீர்மானமாகிவிடும். ஆகவே இங்கே நாருக்குக் கொஞ்ச இடமும் பூச்சுக்கு நிறைய இடமும்.

விளக்கத்துக்கு ஓர் இடம் வேண்டும். மட்டக்களப்பு வாவிக்கரையில் உள்ள ஓர் இறால் குளத்தை எடுத்துக்கொள்வோம். பகலில் குளத்துப் பாசி காபனீரொட்சைட்டை இழுத்துக்கொள்வதால் நீரின் அமில–கார அளவான பீ.எச். ஏறும், இரவில் எல்லா உயிர்களும் அதை வெளிவிடுவதால் இறங்கும். விடியற்காலையில் 7.5 அளவில் நிற்பது பின்னேரம் 9ஐத் தொடலாம். அந்த ஏற்ற இறக்கத்தை இரவு பகலாகப் பார்த்துக்கொண்டிருக்கும் ஓர் உணரிதான் நம் இலக்கு.

நார் செய்யும் வேலை

பழகுவதற்கு ஏற்றது 1 மில்லிமீற்றர் விட்டமுள்ள பிளாஸ்திக் நார். வீட்டு இணைய இணைப்புக்கு வரும் கண்ணாடி நார் 125 மைக்ரோமீற்றர்தான். அதை வெட்டவும் மினுக்கவும் தனிக் கருவிகள் வேண்டும், உடைந்த துண்டு விரலில் ஏறினால் எடுப்பதும் பாடு. பிளாஸ்திக் நாரைக் கூரான பிளேடால் வெட்டி, நனைத்த மினுக்குதாளில் 600, 1000, 2000 என்று படிப்படியாகத் தேய்த்தால் முனை கண்ணாடிபோல ஆகிவிடும்.

அதன் உள்ளகம் பிஎம்எம்ஏ என்ற அக்கிரிலிக்கு. முறிவுச் சுட்டி 1.49. அதைச் சுற்றி ஏறக்குறைய 10 மைக்ரோமீற்றர் தடிப்பில் புளோரின் கலந்த ஒரு பல்பகுதிய உறை. முறிவுச் சுட்டி 1.41 அளவு. இரண்டுக்கும் இடையிலான அவதிக் கோணம் 71 பாகை. அதைவிடச் சாய்வாக எல்லையில் விழும் ஒளி முழுவதும் உள்ளே தெறிக்கும். உயர்தரப் பௌதிகவியலில் படித்த அதே முழு அகத் தெறிப்புத்தான்.

பாடத்தில் பெரும்பாலும் விட்டுவிடும் ஒரு விடயம் உண்டு. தெறிக்கும் இடத்தில் ஒளி எல்லைக்கோட்டில் அப்படியே நின்றுவிடுவதில்லை. எல்லைக்கு அப்பால் ஒரு சிறு தூரம் கசிந்து ஓய்ந்துபோகிறது. 617 நனோமீற்றர் செம்மஞ்சள் ஒளி, 75 பாகைப் படுகோணம், மேலே சொன்ன இரு முறிவுச் சுட்டிகள் என்று கணக்குப் போட்டால் அந்தத் தூரம் சுமார் 340 நனோமீற்றர். அலைநீளத்தின் பாதியை விடச் சற்றுத்தான் கூட. உறையை உரித்துவிட்டு அந்த இடத்தில் சாயப் படலத்தைப் பூசினால், கசியும் ஒளியில் ஒரு பங்கைச் சாயம் உறிஞ்சிக்கொள்ளும். இதுதான் பக்கப் பூச்சு வகை.

கேட்க அழகாக இருக்கிறது. ஆனால் 1 மில்லிமீற்றர் நாரில் 5 சென்ரிமீற்றர் உறையை உரித்தாலும், 75 பாகையில் போகும் கதிர் ஒவ்வொரு தெறிப்புக்கும் 3.7 மில்லிமீற்றர் முன்னேறிவிடும். மொத்தம் பதின்மூன்று தரம்தான் எல்லையில் மோதும். ஒவ்வொரு மோதலிலும் வெளியே கசிவது கொஞ்சமே. அதனால் சைகை மிகச் சிறியது. நாரை ‘ப’ வடிவில் வளைத்தால் மோதல்கள் கூடும், சைகையும் கூடும்; கூடவே வளைவில் ஒளி இழப்பும் கூடும், நார் அசைந்தால் வாசிப்பும் அசையும்.

தொடங்குபவர்களுக்கு நாம் சொல்வது முனைப் பூச்சு வகைதான். இரண்டு நார்களைப் பக்கம் பக்கமாக ஒட்டி, ஒன்றில் ஒளியை அனுப்பி, எதிரே சாயப் படலம், அதன் பின்னால் வெள்ளைத் தெறிப்பான், திரும்பும் ஒளியை மற்ற நாரில் பிடிப்பது. ஒளி படலத்தை இருமுறை கடக்கிறது. சாயம் முழுத் தடிப்பிலும் வேலை செய்கிறது.

சாயத்தைத் தெரிவுசெய்வது

பீ.எச். காட்டிச் சாயம் அமில வடிவில் ஒரு நிறம், மூல வடிவில் இன்னொரு நிறம். இரண்டும் சரிபாதியாக இருக்கும் பீ.எச். பெறுமானமே அதன் பீ.கே.ஏ. அதற்கு ஓர் அலகு மேலே போனால் 91 வீதம் மூல வடிவம், இரண்டு அலகு மேலே போனால் 99 வீதம். அதாவது பீ.கே.ஏ.க்கு இரு புறமும் ஓர் அலகு, மிஞ்சினால் ஒன்றரை அலகுவரைதான் சாயம் பிரயோசனப்படும். 0 முதல் 14 வரை அளக்கும் ஒற்றைச் சாயம் என்று யாராவது விற்றால் வாங்க வேண்டாம்.

வயல் நீருக்கும் கிணற்று நீருக்கும் புரோமோதைமோல் நீலம் பொருந்தும், பீ.கே.ஏ. 7.1, மஞ்சளிலிருந்து நீலம், மூல வடிவம் உறிஞ்சுவது 616 நனோமீற்றர் அளவில். நம் இறால் குளத்தின் 7.5–9க்கு அது தாழ்வு. கிரெசோல் சிவப்பு நன்னீரில் 8.3 அளவு, கடல்நீரின் உப்பில் 7.8 அளவு, உறிஞ்சல் உச்சி 573 நனோமீற்றர். இதையே எடுத்துக்கொள்வோம். படலத்துக்குள் அதன் பீ.கே.ஏ. 8.0 என்று வந்தால், பீ.எச். 7இல் 9 வீதம் மூல வடிவம், 7.5இல் 24, 8இல் 50, 8.5இல் 76, 9இல் 91. குளத்துக்கு வேண்டிய வீச்சு முழுவதும் சரிவான பகுதியில் விழுகிறது.

எல்.ஈ.டி. வாங்கும்போது ஒரு கவனம். கண்ணைப் பறிக்கும் புதிய பச்சை எல்.ஈ.டி. 525 நனோமீற்றர் அளவில் ஒளிரும். அது சாயத்தின் உச்சிக்கு எட்டாமல் பக்கச் சரிவில் விழுகிறது. பழைய வகை, மங்கலான மஞ்சட்பச்சை எல்.ஈ.டி.தான் 565–570இல் ஒளிர்கிறது. விலையும் குறைவு. கூடவே 660 நனோமீற்றர் சிவப்பு எல்.ஈ.டி. ஒன்று தேவை, கிரெசோல் சிவப்பு அதைத் தொடாது. நார் வளைந்தாலும் அழுக்குப் படிந்தாலும் இரண்டு நிறமும் ஏறத்தாழ ஒன்றுபோல் குறையும், பீ.எச். ஏறினால் பச்சை மட்டும் குறையும். ஆகவே இரண்டின் விகிதத்தைப் பார்த்தால் பாதித் தொல்லை தீர்ந்தது.

படலம்: எல்லாம் கெட்டுப்போகும் இடம்

சாயத்தைச் சுமக்கும் பல்பகுதியம் மூன்று நிபந்தனைகளை ஒரே நேரத்தில் நிறைவேற்ற வேண்டும். அளக்கப்படும் பொருளை உள்ளே விட வேண்டும். சாயத்தை வெளியே விடக்கூடாது. நாரைக் கரைக்கக்கூடாது.

மூன்றாவதை மறந்துவிட்டுத்தான் பலர் முதல் நாரை இழக்கிறார்கள். ஆய்வுக்கூடக் குறிப்புகளில் வரும் பிவிசி படலத்தை டெட்ராஐதரோபியூரனில் கரைத்துப் பூசுவார்கள். எதைல் செலுலோசை தொலுயீனும் எதனோலும் கலந்த கரைப்பானில். கண்ணாடி நாருக்கு இவற்றால் ஒன்றும் ஆகாது. பிஎம்எம்ஏ நாரை டெட்ராஐதரோபியூரன், தொலுயீன், அசற்றோன் மூன்றும் கரைத்துவிடும். எதனோல் கரைக்காது, ஆனால் வளைத்து வைத்த நாரில் நுண்வெடிப்புகளை உண்டாக்கும்; ஒளி அந்த வெடிப்புகளில் சிதறிப் பக்கவாட்டில் பளபளக்கும். பிளாஸ்திக் நாருக்கு நீரில் கரையும் பல்பகுதியம் பாதுகாப்பு. இல்லாவிட்டால் படலத்தைத் தனியே வார்த்து, காய்ந்த பிறகு நாருக்கு முன்னால் வைப்பது.

முதல் நிபந்தனை பொருளைப் பொறுத்தது. பீ.எச். அளக்க அயன்கள் உள்ளே வர வேண்டும். ஆகவே நீர் குடித்து ஊதும் பொலிவைனைல் அற்ககோல், பொலிஎச்இஎம்ஏ, செலுலோசு போன்றவை. ஒட்சிசன், அமோனியா போன்ற வாயுக்களுக்கு நீர் வராமல் வாயு மட்டும் வரும் சிலிக்கோன், பொலிஸ்தைரீன். தடிப்பும் முக்கியம். ஒரு பொருள் படலத்தைக் கடக்க எடுக்கும் நேரம் தடிப்பின் வர்க்கத்தோடு கூடும். நீர் நிறைந்த படலத்தில் பரவற் குணகம் செக்கனுக்கு 10⁻¹⁰ சதுர மீற்றர் என்று வைத்தால், 10 மைக்ரோமீற்றர் படலத்துக்கு ஒரு செக்கன், 100 மைக்ரோமீற்றருக்கு 100 செக்கன். நிறம் போதவில்லை என்று படலத்தைத் தடிப்பாக்குவது தவறான வைத்தியம். சாயத்தைக் கூட்டுங்கள்.

பீ.எச். படலத்தில் இன்னொரு சூட்சுமம் உண்டு. பீ.எச். 8 நீரில் ஐதரசன் அயன் லீற்றருக்கு 10 நனோமோல்தான். படலத்துக்குள் சாயமோ மில்லிமோல் கணக்கில் இருக்கிறது. அத்தனை சாய மூலக்கூறுக்கும் புரோத்தனைக் கொண்டுவந்து சேர்ப்பது நீரில் உள்ள இருகாபனேற்று போன்ற, பீ.எச். சட்டென்று மாறாமல் பிடித்து வைக்கும் தாங்கிகள். வாவி நீரில் அவை போதுமான அளவு உண்டு, உணரி சுறுசுறுப்பாக இருக்கும். அதே உணரியைத் தேங்கிய மழை நீரில் வைத்தால் பல நிமிடம் நகராமல் நிற்கும். உணரி பழுது என்று கழற்றிப் போடாதீர்கள். அந்த நீருக்குத் தாங்கும் திறன் இல்லை, அவ்வளவுதான்.

இரண்டாவது நிபந்தனைதான் இந்தத் துறையின் நிரந்தரத் தலையிடி: சாயம் கழுவிப்போவது. மருதமுனைக் கைத்தறிச் சாரம் வாங்கும்போது முதற் சலவையில் நிறம் கரையுமா என்று கேட்கிறோமே, அதே கேள்வி. சாயத்தைப் பல்பகுதியத்துக்குள் சும்மா கலந்து வைத்தால் சிறிய மூலக்கூறு வலைக்கண் வழியே மெல்ல மெல்லப் போய்விடும். மின்னேற்றத்தால் பிடித்து வைக்கலாம். கிரெசோல் சிவப்புக்கும் அதன் உறவுச் சாயங்களுக்கும் எதிர் ஏற்றம் உண்டு. நேர் ஏற்றமுள்ள பல்பகுதியம் அவற்றை இறுகப் பிடிக்கும்.

இங்கே இறால் கோதிலிருந்து எடுக்கும் கைற்றோசான் நினைவுக்கு வரும்; நம் பக்கத்தில் இறால் கோதுக்குப் பஞ்சமில்லை. அமில நீரில் கைற்றோசான் நேர் ஏற்றம் கொண்டது, சாயத்தை அருமையாகப் பிடிக்கும். ஆனால் அதன் அமைன் கூட்டங்களின் பீ.கே.ஏ. 6.5 அளவு. நம் குளத்து பீ.எச். 8இல் ஏற்றம் பெரும்பாலும் போய்விடும், சாயமும் கூடவே போய்விடும். அமிலத்தன்மையான நீருக்கோ உணவுக்கோ உணரி செய்வதானால் கைற்றோசானை எடுங்கள். இறால் குளத்துக்கு வேண்டாம். எந்த பீ.எச்.சிலும் ஏற்றம் இழக்காத நாலிணைய அமோனியக் கூட்டம் கொண்ட பல்பகுதியம் இதைவிட மேல். எல்லாவற்றிலும் உறுதியானது சகபங்கீட்டுப் பிணைப்பு. பருத்திக்குப் போடும் வைனைல் சல்போன் வகைச் சாயங்கள் சோடா கரைந்த கார நீரில் செலுலோசோடு பிணைவதுபோல, அதே பிடியுள்ள காட்டிச் சாயங்களைச் செலுலோசுப் படலத்தில் நிரந்தரமாகக் கட்டிவிடலாம்.

ஒரு படலம் வார்த்துப் பார்ப்போம்

கீழே உள்ளது பள்ளிக்கூட ஆய்வுகூடத்தில் செய்யக்கூடிய பயிற்சிப் படலம். சாயம் வலைக்குள் சிக்கி இருப்பது மட்டுமே. மாதக்கணக்கில் குளத்தில் போடுவதற்கு இது காணாது. ஆனால் தத்துவம் முழுவதும் கைக்கு வரும்.

5 கிராம் பொலிவைனைல் அற்ககோலைக் குளிர்ந்த நீர் 100 மில்லிலீற்றரில் தூவிக் கலக்குங்கள். வெந்நீரில் நேராகப் போட்டால் கட்டி கட்டியாகி உள்ளே மா கரையாமல் நிற்கும். பிறகு 85–90 பாகை செல்சியசில், வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் வைத்து, தெளியும்வரை கிளறுங்கள். ஆறியதும் 10 மில்லிகிராம் கிரெசோல் சிவப்பை 1 மில்லிலீற்றர் 0.1 மோலார் சோடியம் ஐதரொட்சைட்டில் கரைத்துச் சேர்க்க வேண்டும். சாதாரண நீரில் அது லேசில் கரையாது. இதில் 10 மில்லிலீற்றரை வேறாக எடுத்து, 25 வீத குளூற்றரல்டிகைட்டு 0.1 மில்லிலீற்றரும், 1 மோலார் ஐதரோகுளோரிக்கமிலம் 0.1 மில்லிலீற்றரும் விட்டுக் கலக்குங்கள். குளூற்றரல்டிகைட்டு தோலுக்கும் கண்ணுக்கும் மூச்சுக்கும் ஆகாது. கையுறை, கண்ணாடி, காற்றோட்டம் மூன்றும் வேண்டும். இந்த இரண்டும் சேர்ந்ததும் சங்கிலிகள் ஒன்றோடொன்று பின்னத் தொடங்கிவிடும். ஒரு மணித்தியாலத்துக்குள் வார்த்து முடித்துவிடுங்கள். கட்டியாகத் தொடங்கிய கரைசலைக் காப்பாற்ற வழியில்லை.

தட்டையான பொலியெஸ்தர் தாளில் 5 சென்ரிமீற்றருக்கு 5 சென்ரிமீற்றர் சதுரமாக டேப் ஒட்டி வரம்பு கட்டி, அதற்குள் 1 மில்லிலீற்றர் விட்டுப் பரப்புங்கள். கரைசலில் 5 வீதம்தான் திண்மம் என்பதால் காய்ந்தபின் 15 மைக்ரோமீற்றர் அளவு தடிப்பு மிஞ்சும். தட்டு மட்டமாக இல்லாவிட்டால் ஒரு பக்கம் கடுமையாகவும் மறுபக்கம் வெளிறியும் வரும். காயும்போது அமிலம் செறிவதால் படலம் இளஞ்சிவப்பாகலாம். கிரெசோல் சிவப்புக்குக் கடும் அமிலத்திலும் ஒரு சிவப்பு உண்டு. நீரில் கழுவியதும் மஞ்சளுக்குத் திரும்பும்.

மார்கழி மாரியில் இங்கே காற்றில் ஈரம் நிறைந்திருக்கும். படலம் காய இரண்டு நாள் இழுக்கும். சிலிக்கா ஜெல் பைகள் போட்ட மூடிய பெட்டியில் வைப்பது நல்லது. எதனோலில் கரைத்து வார்க்கும் படலங்களுக்கு இந்த ஈரம் இன்னும் கொடியது. கரைப்பான் ஆவியாகும்போது மேற்பரப்பு குளிர்ந்து அதில் பனி படியும். பல்பகுதியம் பிரிந்து பால்போல வெளுத்துவிடும். வெளுத்த படலம் ஒளியைச் சிதறும். அதை வீசுங்கள்.

காய்ந்த படலத்தை உரித்து, கடதாசிக்குத் துளை போடும் கருவியால் வெட்டினால் 6 மில்லிமீற்றர் வட்டங்கள் கிடைக்கும். இவற்றை பீ.எச். 9 தாங்கற் கரைசலில் ஊறப்போட்டு, கரைசல் நிறமாகும் ஒவ்வொரு முறையும் மாற்றுங்கள். சிக்காத சாயம் எல்லாம் போய், கரைசல் தெளிவாக நிற்கும்வரை. இந்தப் படியைச் சோம்பலில் விட்டால் அளவீடு முழுவதும் வழுவழுவென்று ஒரு பக்கமாக நகர்ந்துகொண்டே இருக்கும்.

கோர்ப்பது எளிது. ஒட்டிய இரு நார் முனைகளுக்கு எதிரே 2 மில்லிமீற்றர் தள்ளிப் படலம். அதன் பின்னால் குழாய்ப் பூட்டுக்குச் சுற்றும் வெள்ளைத் திரெட் டேப்பைப் பல மடிப்பு மடித்து வைத்தால் நல்ல தெறிப்பான். நீரில் இந்த நாரிலிருந்து ஒளி சுமார் 21 பாகை அரைக்கோணத்தில் விரிகிறது. தெறிப்பானை நாரோடு முட்ட வைத்தால் ஒரு நாரின் ஒளி மற்றதன் வாய்க்குள் விழாது. 1 சென்ரிமீற்றர் தள்ளினால் திரும்புவது வலுவிழந்துபோகும். கறுத்த பிளாஸ்திக் குழாய்த் துண்டில் பக்கத் துளைகள் போட்டு இவை எல்லாவற்றையும் அடக்குங்கள். நீர் உள்ளே ஓட வேண்டும், குமிழி தங்கக்கூடாது. ஒரு சின்னக் குமிழி தெறிப்பான்மேல் குந்தினால் வாசிப்பு எங்கேயோ போய்விடும்.

எண்ணை பீ.எச். ஆக்குவது

ஒளிவாங்கும் போட்டோடயோட்டுக்கு முதலில் எல்.ஈ.டி. அணைந்த நிலையில் ஒரு வாசிப்பு, எரிந்த நிலையில் ஒரு வாசிப்பு. இரண்டாவதிலிருந்து முதலாவதைக் கழியுங்கள். கோடை வெயில் குளத்துக்குள் புகுந்து நாரில் ஏறுவதை இந்தக் கழித்தல்தான் அகற்றும். எல்.ஈ.டி.யை எப்போதும் எரியவிடாமல் நிமிடத்துக்கு ஒரு தடவை, சில மில்லிசெக்கன் மட்டும் எரித்தால் சாயம் வெளிறுவதும் குறையும்.

இனிக் கணக்கு. பீ.எச். 5 கரைசலில் பச்சை வாசிப்பு 2.00 வோல்ற்று, பீ.எச். 10இல் 0.50 வோல்ற்று என்று வைத்துக்கொள்ளுங்கள். உறிஞ்சல் என்பது முதலாவதை இரண்டாவதால் வகுத்து மடக்கை எடுப்பது: 0.602. குளத்து நீரில் 1.20 வோல்ற்று வந்தால் உறிஞ்சல் 0.222. மூல வடிவத்தின் பங்கு 0.222, அமில வடிவத்தின் பங்கு 0.602இலிருந்து அதைக் கழித்து வரும் 0.380. 0.222ஐ 0.380ஆல் வகுத்து மடக்கை எடுத்தால் −0.23. படலத்தின் பீ.கே.ஏ. 8.0 என்றால் பீ.எச். 7.77. பீ.கே.ஏ.யைப் புத்தகத்திலிருந்து எடுக்கக்கூடாது. படலத்துக்குள் அது இடம் மாறும், 7.5, 8, 8.5 கரைசல்களில் அளந்து நீங்களே கண்டுபிடிக்க வேண்டும்.

உப்பு விடயத்தில் வாவி கொஞ்சம் விளையாட்டுக் காட்டும். கோடையில் கடல்நீரை நெருங்கும் வாவி, மாரி வெள்ளம் வந்து பாலமீன்மடு முகத்துவாரம் வெட்டுப்பட்டதும் பெருமளவு நன்னீராகிவிடும். உப்பு மாறினால் சாயத்தின் பீ.கே.ஏ. பத்தில் சில அலகு நகர்கிறது. கிரெசோல் சிவப்பின் 8.3, 7.8 வித்தியாசத்தை மேலே பார்த்தோம். ஆகவே லீற்றருக்கு 0, 10, 20, 30 கிராம் உப்பிட்ட தாங்கற் கரைசல்களில் தனித்தனியே அளவுதிருத்தம் செய்து, உப்புமானி வாசிப்பைப் பார்த்துத் திருத்த வேண்டும். உப்புச் சேர்த்தால் தாங்கற் கரைசலின் பீ.எச்.சும் மாறும். சீட்டில் எழுதியிருக்கும் எண்ணை நம்பாமல் சாதாரண பீ.எச். மானியின் கண்ணாடி மின்வாயால் அளந்து எழுதுங்கள்.

அப்படியானால் கண்ணாடி மின்வாயையே குளத்தில் போட்டால் என்ன? ஓர் இடத்தில், எப்போதாவது அளப்பதானால் அதுவே மலிவு, நாமும் அதையே சொல்வோம். ஒளிநார் உணரி வெல்வது வேறு இடத்தில்: காற்றூட்டும் துடுப்பு மோட்டார்கள் இரைச்சல் போடும் குளத்தில் அதற்கு மின் குழப்பம் இல்லை, ஒப்பீட்டு மின்வாய் அடைபடுவதில்லை, நீருக்குள் மின்சாரமே போவதில்லை.

அமோனியாவும் ஒட்சிசனும்

இதே சட்டத்தில் சாயத்தையும் படலத்தையும் மாற்றினால் வேறு உணரி. அமோனியாவுக்கு புரோமோபினோல் நீலத்தின் மஞ்சளான அமில வடிவத்தை வைத்து, முன்னால் வாயு மட்டும் புகும் மென்படலத்தை இழுத்துக் கட்ட வேண்டும். பயிற்சிக்கு அதே திரெட் டேப்பை இழுத்துக் கட்டலாம். அமோனியா உள்ளே வந்ததும் சாயம் நீலமாகும். உப்பு, பீ.எச். எதுவும் படலத்தைத் தாண்டாது. ஆனால் இது காண்பது கரைந்த அமோனியா வாயுவை மட்டும், அமோனியம் அயனை அல்ல. 25 பாகையில் பீ.எச். 8 என்றால் மொத்தத்தில் 5 வீதம்தான் வாயு வடிவம், பீ.எச். 9இல் 36 வீதம். சம்மாந்துறை, நிந்தவூர் வயல்களில் யூரியா எறிந்த பிறகு, வெயிலேறிய பின்னேரம் நீரின் பீ.எச். 9ஐத் தொடும்போது பசளை காற்றோடு போவதும் இதனால்தான். மீன் பழுதாகும்போது வரும் அமைன்களையும் இத்தகைய சாயங்கள் பிடிக்கும். மீன் பொதிக்குள் வைக்கும் புரோமோகிரெசோல் பச்சைப் படலம் மஞ்சளிலிருந்து நீலத்துக்கு மாறும்.

ஒட்சிசனுக்கு நிறம் மாறும் சாயம் சரிவராது. ஒளிரும் சாயம் வேண்டும். பிளாற்றினம் போபிரின் அல்லது ருதேனியச் சிக்கல் சேர்வையைப் பொலிஸ்தைரீனிலோ சிலிக்கோனிலோ கரைத்துப் பூசி, நீல ஒளியோ பச்சை ஒளியோ அடித்தால் சிவப்பாக ஒளிரும். ஒட்சிசன் மூலக்கூறு மோதினால் அந்த ஒளிர்வு அணையும். ஒட்சிசன் கூடக் கூட மங்கல். இதை 1930களில் ஜேர்மனியில் கவுட்ஸ்கி காட்டினார். 1975இல் லூபர்ஸும் ஓப்பிட்ஸும் வாயுக்களை ஒளியால் அளக்கும் உணரியாக, ‘ஒப்டோட்’ என்ற பெயரில் ஆக்கினார்கள். நார் முனையில் பினோல் சிவப்பு வைத்த பீ.எச். உணரியை 1980இல் அமெரிக்காவில் பீற்றர்சன் குழுவினர் வெளியிட்டார்கள். இந்தச் சாயங்கள் நீரை வெறுப்பவை, கழுவிப்போகா. ஒளிர்வின் பிரகாசத்தை விட்டுவிட்டு, அது அணைய எடுக்கும் நேரத்தை அளந்தால் (ருதேனியத்துக்குச் சில மைக்ரோசெக்கன், பிளாற்றினத்துக்குப் பல பத்து மைக்ரோசெக்கன்) சாயம் கொஞ்சம் வெளிறினாலும் விடை பெரிதாக மாறாது. கடையில் விற்கும் ஒளியியல் ஒட்சிசன்மானிகளின் மூடிக்குள் இருப்பது இதுதான். திருத்தவும் இலகு: 30 பாகையில் காற்றுநிறைந்த நன்னீரில் லீற்றருக்கு 7.6 மில்லிகிராம், கடல்நீரில் சுமார் 6.2, பூச்சியத்துக்கு சோடியம் சல்பைற்று கரைத்த நீர்.

எந்த வகையானாலும் வாவி நீரில் முதலில் வருவது பாசிப்படலம்தான். கோடையில் சில நாளில் முனை வழுவழுக்கும். பாசி பகலில் தானே பீ.எச்.சை ஏற்றுவதால் உணரி குளத்தை விட்டுவிட்டு அந்தப் பாசியை அளக்கத் தொடங்கும். மென்மையான பல்தூரிகையால், அதே குளத்து நீரில் துடையுங்கள். குளோரின் வெளிற்றி தொட்டால் சாயம் போய்விடும், சவர்க்காரம் படலத்தில் தங்கி பீ.கே.ஏ.யை நகர்த்தும். பாவிக்காத நாட்களில் பீ.எச். படலத்தைக் காயவிடாமல், சிறிது உப்பிட்ட பீ.எச். 7 தாங்கற் கரைசலில், இருட்டில் வைத்திருங்கள். காய்ந்துவிட்டால் மறுபடி ஊதி நிலைப்படச் சில மணித்தியாலம் ஆகும். அதற்குள் எடுக்கும் வாசிப்பை எழுத வேண்டாம்.